வெந்நீருக்காக உயிரை விடுவதா?

மார்கழி பிறந்தால் போதும். சென்னையில் வீட்டுக்கு வீடு ஹீட்டர் தலைகாட்டும். கூடவே ஒரு "வீட்டு ஒயர்மேன்" கிளம்பிவிடுவார். கையில் டெஸ்டர், ஒரு சுருள் டேப். "ஹீட்டர் ஓடுதுல்ல, அப்புறம் என்ன?" என்பார்.

ஓடுவது வேறு, ஆபத்தில்லாமல் ஓடுவது வேறு! 2,000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்குப் போட்ட மெல்லிய ஒயரும் 6 ஆம்பியர் பிளக்கும் தாங்குமா? ஒயர் உருகும், தீப்பிடிக்கும். பீஸ் போய்க்கொண்டே இருக்கிறதே என்று தடித்த கம்பியைக் கட்டுவது, குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவது போலத்தான்!

இன்னும் மோசம், பச்சை ஒயரை வெட்டிவிட்டு 2 முனை பிளக்கில் மாட்டுவது. எர்த் இல்லாவிட்டாலும் தண்ணீர் சுடும். ஆனால் கசியும் மின்சாரம், ஈரக் கையோடு தொட்டவர் உடம்பு வழியாகத்தான் இறங்கும்.

16 ஆம்பியர் 3 முனை பிளக், 2.5 சதுர மி.மீ. தாமிர ஒயர், ஒழுங்கான எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இவை இருக்கிறதா? லைசென்ஸ் உள்ள ஒயர்மேனைக் கூப்பிட்டுப் பாருங்கள். கூலியை மிச்சம் பிடிக்கலாம்... குளிக்கப்போன பிள்ளை திரும்பி வர வேண்டாமா?