பெயர் வெட்டிய சட்டம்

ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஒரே கட்சியின் பிடியிற் கிடந்த மங்கோலியா, 1990இல் இரத்தம் சிந்தாமலே பல கட்சித் தேர்தலைக் கண்டது. வாழ்த்துகிறோம். ஆயினும், பல கட்சிகள் உலவிய நாட்டிலேயே வாக்குரிமை பறிபோனதைக் கண்டி மலையகத் தமிழராகிய நாம் அறிவோம்.

1947இல் நாவலப்பிட்டித் தொகுதி கே. இராஜலிங்கத்தை நாடாளுமன்றம் அனுப்பியது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜை யாரென்பதைக் குறுக்கிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜையல்லாதார் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றிற்று. கோடக்கன்பிள்ளை வழக்கில் பிரிவிக் கவுன்சிலும் 1953இல் அவை செல்லுமென்றது. துப்பாக்கி வெடிக்கவில்லை; கட்சி எதுவும் தடை செய்யப்படவில்லை. யாவும் சட்டப்படியே நடந்தன! சட்டம் பயின்ற நாம் தலைகுனிய வேண்டிய இடம் இதுவன்றோ?

தாமே தேர்ந்தெடுத்த உறுப்பினரை மலையகத் தமிழர் மீண்டும் காண 1977 வரை காத்திருந்தனர். நாடற்றோர் நிலையை நீக்க 2003இலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

எத்தனை கட்சிகள் என்பதன்று, இடாப்பில் எவர் பெயர் இல்லை என்பதே ஜனநாயகத்தின் உரைகல். தோட்டத்துத் தோழர்களே! இடாப்புத் திருத்தம் வருந்தோறும் லயம் லயமாகச் சென்று பெயர்களைச் சரிபார்ப்போம். இழந்தவர்க்கே அதன் விலை தெரியும்.