சென்ட் விற்கும்போது வாய்க்கு வந்ததைச் சொல்லலாமா?

மல்லிகை, சம்பங்கி போன்ற வெள்ளைப் பூ மணத்தோடு வெனிலா சேர்ந்த மெல்லிய சென்ட் இப்போது மளிகைக் கடைகளிலும் நகர்கிறது. கூடவே புகாரும் வருகிறது. "அண்ணாச்சி, காலையில் போட்டேன், பஸ் ஏறுவதற்குள் மணம் போய்விட்டது" என்று பாட்டிலைத் திருப்பிக் கொண்டு வருகிறார்கள். தவறு சரக்கில் இல்லை. "நாள் முழுக்கப் பூவாக மணக்கும்" என்று சொல்லி விற்ற நம்மிடம்தான்.

இந்த ரகத்தின் குணமே வேறு. முதலில் எழும் எலுமிச்சை போன்ற புத்துணர்ச்சி சில நிமிடங்களில் பறந்துவிடும். பூ மணம் சிறிது நேரம் நிற்கும். வெனிலாதான் கனமானது; மாலையில் சட்டையை முகர்ந்தால் பாயசம் போல ஓர் இனிப்பு வாடை மிஞ்சும். இரவில் பூத்த மல்லிகைக்குள்ள கனத்த வாடையை இதில் வேண்டுமென்றே குறைத்திருப்பார்கள். தலை நிறையப் பூ வைத்த மணத்தை எதிர்பார்ப்பவருக்கு இது ஏமாற்றமே. அவருக்கு அத்தரைக் காட்டுங்கள்.

"அசல் பூவில் எடுத்தது" என்பதும் வேண்டாம். ஒரு கிலோ மல்லிகைச் சாறு எடுக்கப் பல நூறு கிலோ பூ வேண்டும். நாம் விற்கும் விலைக்கு அது கட்டுமா? வெனிலா மணம் தரும் வெனிலினையும் 1874லேயே ஜெர்மனியில் பைன் மரச் சாற்றிலுள்ள பொருளிலிருந்து செய்து காட்டிவிட்டார்கள். தொழிற்சாலைச் சரக்கு என்பதில் குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம்.

இன்னொன்று. வெனிலின் சேர்ந்த திரவம் நாளாக ஆகப் பழுப்பேறும். அதனால் மட்டுமே கெட்டுப்போனது என்று ஆகாது. ஆனால் வாடிக்கையாளர் பழைய சரக்கு என்றுதான் நினைப்பார். வெயில் விழும் ஷோகேஸில் வைத்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். வெள்ளைத் துணியில் கறையும் படியலாம், அதையும் சொல்லிவிடுங்கள். டீத்தூள் பக்கம் மட்டும் அடுக்காதீர்கள், டீ வாசனையை இழுத்துக்கொள்ளும்.

வாடிக்கையாளர் கையில் ஒரு சொட்டு தடவிவிட்டு, சாமான் பட்டியலைப் போட்டு முடித்தபின் மறுபடி முகரச் சொன்னால் பாதிப் புகார் குறையும். அதற்குச் சாம்பிள் பாட்டில் வேண்டும். டஜனுக்கு ஒன்று இலவசம் என்று ஆசை காட்டும் ஏஜெண்டுகளிடம், அதற்குப் பதில் ஒரு சாம்பிள் பாட்டில் கொடுங்கள் என்று எல்லோரும் சேர்ந்து கேட்கலாம். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைப் பேச வேண்டும் என்பது என் கோரிக்கை.