காக்கும் கரங்களுக்கும் களைப்பு உண்டு

சாரல் காலம் வந்துவிட்டால் குற்றாலம் போகாத வீடு நம் கடையநல்லூரில் உண்டோ? அருவியில் நாம் ஆசை தீரக் குளிக்கிறோம். நனைந்த காக்கி உடையோடு ஓரத்தில் நின்று விசில் ஊதும் காவலரை ஏறிட்டும் பார்ப்பதில்லை. பார்த்தாலோ, "இவருக்கென்ன, நாள் முழுதும் அருவிக் காற்று!" என்று கேலி வேறு!

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்தது. பதினேழு வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டார். தீயணைப்பு, மீட்புப் பணியினர் தேடி அவரது உடலை மீட்டனர். செய்தி படித்த நாம் இரண்டு நாள் வருந்தினோம். மூன்றாம் நாள் மறந்தோம். அந்த உடலைத் தூக்கிய கைகள் மறந்திருக்குமா? அவர்கள் வீட்டிலும் அதே வயதில் ஒரு பிள்ளை இருக்கலாம் அல்லவா?

2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். அவ்வாண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை நாகையையும் வேளாங்கண்ணியையும் சூறையாடியது. அங்கெல்லாம் உடல்களை எடுத்தவர்களும் மனிதர்களே. கொடிய காட்சியொன்றை ஒருமுறை கண்டாலே நமக்கு உறக்கம் போய்விடுகிறது. 108 ஆம்புலன்சில் பணிபுரிவோர் அத்தகைய காட்சிகளை மீண்டும் மீண்டும் காண்கிறார்கள். கண்டது கனவில் திரும்பும். காரணமின்றிச் சினம் வரும். சிலர் பேச்சை அடக்கிக்கொள்வர். சிலர் மதுவை நாடுவர். இது குணக்கேடு அன்று. மருத்துவர்கள் நன்கு அறிந்த துன்பம்; உரிய சிகிச்சையால் தணியக்கூடியது.

ஆனால், "போலீஸ்காரர் பயப்படலாமா? ஆண்பிள்ளை அழலாமா?" என்று கேட்டே அவர்கள் வாயை நாம் அடைத்துவிட்டோம். உதவி கேட்டால் மேலதிகாரி என்ன நினைப்பாரோ என்ற அச்சம் வேறு. கேட்டவரின் பெயர் வெளிவராது, பதவி உயர்வும் தடைபடாது என்ற உறுதி வேண்டும் என்பதே எம் கருத்து.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டோம். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் துணையோடு தமிழகக் காவலர்க்கு மனநலப் பயிற்சி 2018-ல் தொடங்கிற்று. 2021-ல் வார விடுமுறை அறிவிக்கப்பட்டது. நல்லதே. ஆயினும் ஒருவர் விடுப்பில் போனால் அவரிடத்தில் நிற்க இன்னொருவர் வேண்டுமே! ஆள் சேர்க்காமல் ஓய்வு தருவது, இலை போட்டுச் சோறு போடாத விருந்து. பெண் காவலரை நெடுநேரம் சாலையோரம் நிறுத்த வேண்டாம் என்றும் அதே ஆண்டு சொல்லப்பட்டது. மகிழ்ச்சி, ஆண் காவலருக்கும் கால் வலிக்கும் என்பதை யார் சொல்வது?

இத்தகைய பணியில் உள்ளோரின் செல்வியரும் இம்மலரைப் படிப்பர். தங்கையரே, பணி முடிந்து வரும் அப்பா பேசாமல் அமர்ந்திருந்தால் அது உங்கள் மேலுள்ள கோபம் என்று கலங்காதீர்கள். அவரைத் தேற்றும் பாரம் முழுவதும் உங்கள் தோளில் இல்லை. நாட்கணக்கில் அவர் உறங்காதிருந்தால் அம்மாவிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை தமிழிலேயே, கட்டணமின்றி, இரவும் பகலும் கிடைக்கிறது. அப்பா பார்க்கும் இடத்தில், நாட்காட்டியின் ஓரத்தில் அதை எழுதி வையுங்கள்.