நோயாளியை எண்ணினீர்கள், படுக்கையை யார் எண்ணுவது?

கொரோனா போய்விட்டது, இனி அந்தப் பேச்சு எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. 2023 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனமே நெருக்கடி நிலை முடிந்ததாக அறிவித்துவிட்டது; உண்மைதான். ஆனால் வெள்ளம் வடிந்த பிறகுதான் கரை எங்கே உடைந்தது என்று பார்க்க முடியும். மும்பைத் தமிழர்களாகிய நாம் அதைப் பார்க்காமல் விட்டால், அடுத்த வெள்ளத்தில் முதலில் முழுகப்போவது நம் குடிசைகளே.

2020 ஏப்ரல் 1. தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அன்றைக்கே இறந்தும் போனார். நோய் அன்றைக்கா தாராவிக்குள் நுழைந்தது? இல்லை. தொற்றியவருக்குக் காய்ச்சல் காண நாலைந்து நாள் ஆகும். மூச்சுத் திணறிப் படுக்கை தேட மேலும் ஒரு வாரம் ஆகும். ஆகவே இன்று ஒரு மருத்துவமனையில் படுக்கைகள் நிரம்புகின்றன என்றால், இரண்டு வாரத்துக்கு முன்பே சந்துகளில் நோய் பரவிவிட்டது என்று பொருள். மருத்துவமனைக்குச் செய்தி எப்போதும் கடைசியாகத்தான் வந்து சேருகிறது.

அந்த நாட்களில் மாநகராட்சி தாராவிக்கென்று தனிக் கணக்கு வெளியிட்டது. இன்று இத்தனை பேர், மொத்தம் இத்தனை பேர் என்று நாள் தவறாமல் பத்திரிகைகளில் வந்தது. விளைவு என்ன? வீட்டு வேலைக்குப் போன நம் பெண்களை மாடிக் கட்டடங்களின் காவலாளி வாசலிலேயே நிறுத்தினான். "தாராவியா? வராதே" என்றான். தாராவி என்ற முகவரியே நோயாகிவிட்டது. ஒரு கோலியில் எட்டுப் பேர் படுப்பதையோ, ஒரு பொதுக் கழிப்பிடத்துக்கு எத்தனை நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதையோ எந்தப் பத்திரிகை நாள்தோறும் வெளியிட்டது? நோயாளியை எண்ணி வசதியை எண்ணாமல் விட்டால் அந்தக் கணக்கு ஏழைமீது சுமத்தப்படும் குற்றப்பத்திரிகையாகிறது.

அதற்காகக் கணக்கே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கணக்கு உயிர் காத்ததையும் நாம் கண்ணால் கண்டோம்.

2020 மே மாதத்தில் படுக்கை தேடி அலைந்த கதை நம் உறுப்பினர் வீடுகளில் ஒன்றா இரண்டா? ஒரு மருத்துவமனையில் இடமில்லை என்றார்கள். அடுத்ததில் சோதனை முடிவு எங்கே என்றார்கள். மூன்றாவதில் கதவே திறக்கவில்லை. அப்போது எங்கே படுக்கை காலி என்று யாருக்கும் தெரியாது. ஜூன் மாதத்தில் 24 வார்டுகளிலும் கட்டுப்பாட்டு அறைகள் திறக்கப்பட்டன. சோதனை முடிவுகள் வார்டுவாரியாகப் பிரிந்து அங்கே வந்தன. வார்டு அலுவலகமே நோயாளியைக் கூப்பிட்டு, யாருக்கு வீடு போதும், யாருக்குப் படுக்கை வேண்டும் என்று பிரித்து, வண்டியும் அனுப்பியது. படுக்கையை எண்ணத் தொடங்கியதும் அலைச்சல் குறைந்தது.

2021 ஏப்ரலில் இரண்டாம் அலை வந்தது. ஒரே நாளில் மும்பையில் 11,000 பேருக்கு மேல் தொற்று. அந்த மாத நடுவில் ஆறு மருத்துவமனைகளில் ஆக்சிஜன் தீரும் நிலை. இரவோடிரவாக 168 நோயாளிகளை வேறிடங்களுக்கு மாற்றினார்கள். எங்கே எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு கையில் இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா? 2022 ஜனவரியிலோ ஒரே நாளில் தொற்று 20,000-ஐத் தாண்டியது. ஆனால் படுக்கைகளில் பெரும்பகுதி காலியாகவே கிடந்தது. தொற்று எண்ணிக்கையை மட்டும் பார்த்தவன் நடுங்கினான். படுக்கையையும் பார்த்தவன் நிதானமாக இருந்தான்.

இன்னொரு கணக்கையும் நாம் மறக்கலாகாது. 2020 ஜூலையில் மாட்டுங்கா, செம்பூர், தகிசர் வார்டுகளில் இரத்தச் சோதனை ஆய்வு நடந்தது. முதல் இரண்டும் நம்மவர் நிறைய வாழும் பகுதிகள். குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கு 57 பேருக்கு நோய் வந்து போயிருந்தது. மற்ற இடங்களில் நூற்றுக்கு 16 பேருக்கு. அன்று மாநகர் முழுவதும் பதிவேட்டில் இருந்தவர்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். பதிவேட்டில் ஏறாமலே குடிசையில் காய்ச்சலோடு கிடந்து எழுந்தவர்கள் எத்தனை ஆயிரம்! எழாமலே போனவர்கள் எத்தனை பேர்!

பெருங்கூடாரச் சிகிச்சை மையங்கள் பிறகு கலைக்கப்பட்டன. அவற்றை நாம் திரும்பக் கேட்கவில்லை. கேட்பது மூன்றே. ஒன்று, ஒவ்வொரு வார்டிலும் காலிப் படுக்கை எத்தனை, ஆக்சிஜன் எவ்வளவு என்று நாள்தோறும் மருத்துவமனை வாசலில் எழுதி வைக்க வேண்டும். நம்மவர் மிகுந்த இடங்களில் மராத்தி, இந்தியோடு தமிழிலும் எழுத வேண்டும். இரண்டு, காய்ச்சல் கணக்கு மருத்துவமனையில் தொடங்காமல் சந்திலுள்ள மருந்தகத்திலேயே தொடங்க வேண்டும். மூன்று, எந்தப் பகுதியின் நோயாளி எண்ணிக்கையை வெளியிட்டாலும், அந்தப் பகுதியின் கழிப்பிடம், குடிநீர்க் குழாய், மருத்துவர் எண்ணிக்கையையும் கூடவே வெளியிட வேண்டும். இது கொரோனாவுக்கு மட்டுமல்ல. ஒவ்வொரு மழைக்காலத்திலும் மலேரியாவும் டெங்குவும் எலிக்காய்ச்சலும் வந்து நம் கதவைத்தானே தட்டுகின்றன?

நமக்கும் ஒரு கடமை உண்டு. கூலி போய்விடும், அக்கம்பக்கத்தார் ஒதுக்கிவிடுவார்கள் என்று அஞ்சிக் காய்ச்சலை மறைத்தோம். அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஆயினும் மறைத்த காய்ச்சல் பக்கத்துக் கோலிக்குத்தான் போனது. ஒவ்வொரு சாலிலும் சங்கத்து இளைஞர் இருவர் முன்வரட்டும். வாரம் ஒருமுறை எத்தனை வீட்டில் காய்ச்சல் என்று, பெயர் எழுதாமல், எண்ணிக்கையை மட்டும் வார்டு அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கட்டும். கையொப்பமிட்ட நகலைச் சங்கத்தில் வைக்கட்டும்.

பிறகு எங்களுக்குத் தெரியாது என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் நகலை நாம் காட்டுவோம்.