இந்த வீட்டுக்காரங்க இப்ப எங்க?

பள்ளிக்கூடப் பசங்களை முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குக் கூட்டிட்டுப் போறது நல்ல காரியம்தான். ஆனா ஆம்பூர்ப் பக்கத்துப் பசங்களுக்கு அந்தப் பயணம் பாதிப் பாடம். மீதிப் பாடம் நம்ம ஊர்லயே இருக்கு, அதை யாரும் நடத்தறதில்ல.

பேரன் பள்ளியில துணைக்குப் பெரியவங்க வேணும்னாங்க, நானும் போனேன். விடியக்காலைல பஸ் ஏறினோம். துணைக்குப் போறவனுக்கு நாள் பூரா தலை எண்ற வேலைதான். நடுநடுவுல பார்த்ததைச் சொல்றேன். செட்டிநாட்டு வீடு, நெசவாளர் வீடு, கேரளத்து மரவீடு. இடிய இருந்த பழைய வீடுங்களை வாங்கிப் பிரிச்சு, கொண்டாந்து திரும்பக் கட்டியிருக்காங்க. உழைப்பு சாதாரணமில்ல. குயவர் சக்கரத்துல கை வச்சதும் பசங்க முகத்தைப் பார்க்கணுமே!

அம்மிக்கல்லைப் பார்த்து ஒரு பொண்ணு, "தாத்தா, எங்க ஊட்ல இது கொல்லையில கவுந்து கெடக்குது" என்றாள். ஒரு பையன் விவசாயி வீட்டுத் திண்ணையில உக்காந்து, "இந்த ஊட்டுக்காரங்க இப்ப எங்க கீறாங்க?" என்று கேட்டான். அங்க யாரும் பதில் சொல்லல. அடுத்த வீட்டுக்கு நேரமாயிடுச்சு.

அந்தக் கேள்விக்கு எங்க பக்கத்துல பதில் இருக்கு. தட்சிணசித்ரா திறந்தது 1996 டிசம்பர்ல. அதே வருஷம் ஆகஸ்ட் 28ம் தேதிதான் வேலூர் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தோல் பதனிடுற பகுதியில சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாவோ முழுசாவோ பயிருக்கு உதவாம போச்சுன்னு அந்தத் தீர்ப்புலயே இருக்கு. அங்க ஒரு கிராமத்தைக் கட்டி முடிச்ச வருஷம், இங்க பல கிராமம் கெட்டுப்போனது கோர்ட்டுல பதிவாச்சு. 2025 ஜனவரியிலயும் இதே பாலாத்துக்காக, பாதிக்கப்பட்டவங்களுக்கு இழப்பீடு கொடுங்கன்னு அதே நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

தோல் தொழிலே வேணாம்னு நான் சொல்லல. பஸ்ல வந்த பசங்கள்ல பல பேரோட அம்மா ஷூ கம்பெனிக்குப் போய்த்தான் பள்ளிக் கட்டணம் கட்டுறாங்க. ஒரே வீட்டுல கம்பெனிச் சம்பளமும் இருக்கு, உப்பேறின கிணறும் இருக்கு. இந்த முடிச்சைப் பசங்க புரிஞ்சிக்கணும். எந்தக் காட்சிக்கூடத்துலயும் இதை வைக்க முடியாது.

அதனால பள்ளிக்கூடங்களுக்கு என் யோசனை இது. முட்டுக்காடு போய்வந்த வாரமே, ஊருக்குள்ள அரை நாள் நடங்க. டிக்கெட் வேணாம், பஸ் வேணாம். கிணத்துத் தண்ணியை நாக்குல வச்சுப் பார்க்கச் சொல்ல வேணாம், அது ஆபத்து. ஏரு ஓட்டினவரையும், தோல் ஷாப்புல வேலை செஞ்சவரையும் ஒண்ணா உக்கார வச்சுப் பசங்களைக் கேள்வி கேட்க விடுங்க. என்ன பயிர் வச்சீங்க, எப்ப விட்டீங்க, ஏன் விட்டீங்கன்னு அவங்களே எழுதிட்டு வரட்டும்.

பட்டணத்துல இருந்து படிக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். லீவு நாள்ல பிள்ளைங்களோட அங்க போங்க, திண்ணையில உக்காந்து போட்டோ எடுங்க. அந்தப் பையன் கேட்டதையும் ஒரு தடவை கேளுங்க. வீட்டைப் பிரிச்சு வேற இடத்துல கட்டிடலாம். கிணத்தையும் ஆத்தையும் அப்படிப் பிரிச்சு எடுத்துட்டுப் போக முடியாது, இருக்கிற இடத்துலதான் காப்பாத்தணும்.