ஓராண்டு டாக்டர்கள்

நிபோங் திபாலில் யாரிடமாவது "பையன் டாக்டர் பட்டம் வாங்கிட்டான்" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வி, "எந்த ஆஸ்பத்திரி?" என் நண்பனின் அம்மாவைக் கோயில் வாசலிலேயே கேட்டுவிட்டார்கள். "ஆஸ்பத்திரி இல்லீங்க, ரத்தம் ஓடுறத கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுறான்" என்றார் அவர். கேட்டவர் முகத்தில் அனுதாபம். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மூளையின் ரத்தக்குழாய் சிலருக்கு ஓரிடத்தில் பலூன்போல வீங்கும். ஸ்கேன் படத்திலிருந்து அந்தக் குழாயின் வடிவத்தைக் கணினியில் எழுப்பி, உள்ளே ரத்தம் எப்படிச் சுழல்கிறது, சுவரை எவ்வளவு உரசுகிறது என்று கணக்கிடுவதுதான் அவன் வேலை. எந்த வீக்கம் வெடிக்கக்கூடும் என்று மருத்துவர் முடிவெடுக்க இது உதவலாம். இயந்திரப் பொறியியல் படித்த எங்களுக்குக் குழாயில் தண்ணீர் ஓடும் அதே பாடம்தான். குழாய்க்கு உயிர் இருக்கிறது, அவ்வளவே.

போன மாதம் ஒரு பல்கலைக்கழகம் அவனுக்கு முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர் பணி தந்தது. ஒப்பந்தம் ஓராண்டு. நீட்டிப்பு, நிதி இருந்தால். எல்லாரும் "நல்ல வாய்ப்பு, விட்டுறாத" என்றார்கள். இந்த 'வாய்ப்பு' என்ற சொல்தான் எனக்கு ஆகவில்லை. நோயாளிகளின் ஸ்கேனைத் தொட நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கவே முதல் சில மாதங்கள் போய்விடும். கடைசி மாதங்கள் அடுத்த வேலை தேட. நடுவில் மிஞ்சுவதில் எந்த மூளையைக் காப்பாற்றுவது? அப்பா பெயரில் வீடிருப்பவன் காத்திருப்பான். தோட்டத்திலிருந்து வந்தவன்?

2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் வெளிநடப்பு செய்தபோது நம்மவர்கள் கொதித்தோம். சரிதான், அவர்கள் ஊசி போடும் டாக்டர்கள். மெட்ரிகுலேஷனில் 90:10 ஒதுக்கீட்டுக்கும் ஆண்டுதோறும் கத்துகிறோம், நானும் கத்துகிறேன், அது அநியாயம். ஆனால் கேட்டைத் தாண்டி உள்ளே போனவன் பத்து வருஷம் கழித்து என்ன ஆனான் என்று நம் சங்கங்களில் எது கேட்டிருக்கிறது?

"ஆய்வுன்னா தியாகம் வேணும்" என்பார்கள். நிப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1998-99இல் இங்கே 105 பேர் செத்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நம்பிக் கொசுவை விரட்டிக்கொண்டிருந்தோம். வேறொரு கிருமி என்று 1999 மார்ச்சில் பிரித்தெடுத்தவர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் அப்போது பயிற்சியில் இருந்த சுவா காவ் பிங். அது பன்றிப் பண்ணையில் எப்படி நிலைத்தது என்ற கணித மாதிரி 2012இல்தான் வெளியானது. வௌவால்களிடமிருந்து கிருமி ஒருமுறைக்கு மேல் வந்திருக்கிறது. பாதி எதிர்ப்புசக்தி பெற்ற மந்தையில் அது தங்கிவிட்டது. நம் ஆய்வாளர்களும் அதில் இருந்தார்கள், முன்னின்று நடத்தியவர் அமெரிக்கர். மாமரம் ஈப்போ பக்கம், பன்றி ஈப்போ பக்கம், கணக்கு மட்டும் கடல் தாண்டி. அந்தக் கேள்வியை ஓராண்டு ஒப்பந்தத்தில் யார் கையில் எடுத்திருப்பார்கள்?

குறைந்தது மூன்றாண்டு கொடுங்கள். பொன்னாடைக் காசில் ஒரு பங்கையாவது, ஒப்பந்தத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவில் சம்பளமில்லாமல் நிற்பவனுக்குச் சங்கங்கள் கொடுக்கட்டும்.

பத்து காவானில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஓர் இடம் காலி. நிரந்தர வேலை. விண்ணப்பத்தை அவனுக்கு அனுப்பியது நான்தான். நேற்று ராத்திரி பூர்த்தி செய்து திருப்பி அனுப்பிவிட்டான்.