மூட்டைக் கணக்கும் பசுமைக் கணக்கும்

சிமெண்ட், கம்பி, மணல், செங்கல், மரம் ஆகியவற்றை ஆலையிலும் குவாரியிலும் வாங்கி மனைக்குக் கொண்டுசேர்க்கும் மொத்த வணிகர்களும் விநியோக நிறுவனங்களும் சுற்றுச்சூழல் காப்பதாகவும் சமூகப் பொறுப்பேற்பதாகவும் வெளியிடும் உறுதிமொழிகள் அண்மை ஆண்டுகளில் பெருகியுள்ளன. கிடங்குக் கூரையில் சூரிய மின்தகடு, வளாகத்தில் மரக்கன்று, பக்கத்துப் பள்ளிக்கு ஒரு கழிப்பறை, காகிதமில்லா ரசீது என அவை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. அவற்றில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் விநியோகஸ்தர் எந்தப் பொருளையும் தாமே உற்பத்தி செய்வதில்லை என்பதால், அவருடைய தொழில் இயற்கையின்மீது ஏற்றும் சுமையைக் கிடங்கின் மின்கட்டணத்தில் தேடினால் கிடைக்காது. அது கிடங்கின் வழியே கடந்துபோகும் சரக்கில் இருக்கிறது.

உலகெங்கும் நிறுவனங்கள் பின்பற்றும் பசுங்குடில் வாயுக் கணக்கு நெறிமுறை, ஒரு நிறுவனத்தின் உமிழ்வை மூன்றாகப் பிரிக்கிறது: சொந்த வண்டியும் ஜெனரேட்டரும் எரிக்கும் எரிபொருளால் வருவது முதல் வகை, விலைக்கு வாங்கும் மின்சாரத்தை உற்பத்தி செய்கையில் வருவது இரண்டாம் வகை, வாங்கி விற்கும் பொருள்கள் செய்யப்படுகையிலும் பயன்படுகையிலும் வருவது மூன்றாம் வகை. உறுதிமொழிகள் பெரும்பாலும் முதலிரண்டைப் பற்றியே பேசுகின்றன. கட்டுமானப் பொருள் வணிகத்தில் மூன்றாவதுதான் மலை. மற்ற இரண்டும் அதன் அடிவாரத்துக் கூழாங்கற்கள்.

சிமெண்டை மட்டும் எடுத்துக்கொண்டாலே இது விளங்கும். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டுப் பெறும் கிளிங்கர் என்னும் கட்டிகளை அரைத்தே சிமெண்ட் செய்கிறார்கள். சுண்ணாம்புக்கல் சூட்டில் சுண்ணாம்பாக மாறும்போது அதில் பிணைந்திருந்த கரியமில வாயு பிரிந்து வெளியேறுகிறது. சூளையில் நிலக்கரிக்குப் பதிலாக எதை எரித்தாலும் இந்தப் பங்கு குறைவதில்லை, சிமெண்டின் மொத்த உமிழ்வில் பாதிக்குமேல் இதுவே. மனிதச் செயல்களால் உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டிலிருந்து வருவதற்கும், எரிபொருளை மாற்றி மட்டும் அதைத் தீர்க்க முடியாமல் இருப்பதற்கும் காரணம் இந்த வேதியியல்தான். எனவே ஒரு மூட்டையில் கிளிங்கர் எவ்வளவு இருக்கிறது என்பதே அடிப்படைக் கேள்வி. கடைமொழியில் 43 கிரேடு, 53 கிரேடு எனப்படும் சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டில் அது 95 விழுக்காடு வரை இருக்கும். பிபிசி எனப்படும் போஸலானா சிமெண்டிலோ, அனல்மின் நிலையத்து எரிசாம்பல் 15 முதல் 35 விழுக்காடு வரை கிளிங்கரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

ஒரு கிலோ கிளிங்கருக்கு ஏறத்தாழ 0.85 கிலோ கரியமில வாயு என்று கொண்டால், 50 கிலோ சாதாரண சிமெண்ட் மூட்டையின் பின்னால் 40 கிலோவும், 30 விழுக்காடு சாம்பல் கலந்த பிபிசி மூட்டையின் பின்னால் 28 கிலோவும் நிற்கின்றன. ஆயிரம் சதுர அடி வீட்டுக்குச் சுமார் 400 மூட்டை ஆகும் என்பது மேஸ்திரிகளின் கைக்கணக்கு. அந்த ஒரு வீட்டில் சிமெண்டை மாற்றுவதால் மிச்சமாவது ஏறத்தாழ 5 டன். கிடங்குக் கூரையில் பதித்த 5 கிலோவாட் மின்தகடு ஆண்டு முழுவதும் வெயில் காய்ந்து தவிர்க்கும் உமிழ்வும் ஏறக்குறைய இதே அளவுதான். மாதம் பத்து வீடுகளுக்குச் சரக்கு அனுப்பும் நடுத்தர வணிகர் தம் கூரையைப் படம்பிடித்து நாட்காட்டியில் அச்சிடுவதைவிட, கல்லாவில் உட்கார்ந்தபடி எந்த மூட்டையைப் பரிந்துரைக்கிறார் என்பது பலமடங்கு கனமான செயல்.

இந்தக் கணக்கை அளவுக்கு மீறி இழுக்கவும் கூடாது. இந்தியாவில் விற்கும் சிமெண்டில் பெரும்பங்கு ஏற்கெனவே கலப்புச் சிமெண்ட்தான். எரிசாம்பலும் வற்றாத ஊற்றன்று, நிலக்கரி மின்சாரம் குறையக் குறைய அதுவும் குறையும். சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல்லையும் சேர்த்துக் கிளிங்கரைப் பாதியளவுக்குக் குறைக்கும் எல்சி3 என்னும் சிமெண்டுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023-இல் வரையறை வகுத்துவிட்டது. அதன் ஆய்வில் சென்னை ஐஐடிக்கும் பங்குண்டு. ஆய்வகத்திலிருந்து அது அரியலூர்ச் சூளைக்கு வந்தாலும், அங்கிருந்து ஒரு சிற்றூர் மனைக்குப் போய்ச்சேர வேண்டுமானால், பெயர் தெரியாத புதுச்சரக்கை இருப்பு வைத்து விற்கத் துணியும் ஒரு கடைக்காரர் இடையில் தேவை.

மேலும், குறைந்த உமிழ்வுள்ள பொருளை விற்பதோடு கடமை முடிந்துவிடாது என்பதற்குப் பிபிசியே சான்று. சாம்பல் கலந்த சிமெண்ட் வலுவேறச் சற்று அதிக நாள் எடுத்துக்கொள்ளும். ஆகவே, சாதாரண சிமெண்ட் கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள் நீராற்ற வேண்டும் என்று சொல்லும் ஐஎஸ் 456 என்னும் தரநூல், கலப்புச் சிமெண்டுக்கு 10 நாள் என்கிறது. அதையும் 14 நாள் வரை நீட்டிப்பது நல்லது என்றும் பரிந்துரைக்கிறது. தமிழ்நாட்டுக் கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் மனையில் கான்கிரீட்மேல் போர்த்திய ஈரச் சாக்கு மூன்றாம் நாளே காய்ந்துபோவது அரிதான காட்சியன்று. அப்படி ஆற்றிய கூரை வெடிப்பு விடும்போது, குற்றம் தண்ணீர்மேல் விழாமல் ‘சாம்பல் சிமெண்ட்’ மேல் விழுகிறது. அடுத்த வீட்டுக்காரர் 53 கிரேடு கேட்டு வருகிறார். ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தவறியதால் பசுமை விற்பனை தன்னையே தோற்கடித்துக்கொள்ளும் இடம் இது. மூட்டையின் பக்கவாட்டில் ஆலை அச்சிடும் வாரமும் ஆண்டும் இதே வகையைச் சேர்ந்தவை: மூன்று மாதம் கடந்த சிமெண்டைச் சோதித்துப் பார்க்காமல் பயன்படுத்தலாகாது என்பது பொறியாளர்களின் பொதுவிதி, ஆனால் அந்தச் சிறிய எழுத்தை வாங்குவோருக்குச் சுட்டிக்காட்டும் கடைகள் சில மட்டுமே.

ஏன் சுட்டிக்காட்டுவதில்லை என்ற கேள்விக்கு விடை வணிகரின் மனச்சாட்சியில் மட்டும் இல்லை, அவருடைய வருவாய் அமைப்பிலும் இருக்கிறது. விநியோகஸ்தருக்கு லாபம் மூட்டைக்கு இவ்வளவு என்று வருகிறது. ஆண்டு இலக்கைத் தாண்டினால் ஆலைகள் தங்கக் காசும் வெளிநாட்டுச் சுற்றுலாவும் தருகின்றன. மேஸ்திரிகளுக்கும் அவர்கள் வாங்கவைக்கும் மூட்டைக்கேற்பப் புள்ளிகள் சேர்கின்றன. கலவை விகிதத்தைச் சரியாக அளந்தால் பத்து மூட்டை மிச்சமாகும் என்று சொல்லும் கடைக்காரர் தம் இலக்கையே குறைத்துக்கொள்கிறார். சுற்றுச்சூழலுக்கு மிக நல்ல மூட்டை, தேவையில்லாததால் விற்காமல் போன மூட்டை. வணிகத்துக்கு மிகக் கெட்டதும் அதுவே. இந்த முரணை ஒப்புக்கொள்ளாமல் எழுதும் எந்த உறுதிமொழியையும் விளம்பரத்தின் கணக்கில் சேர்ப்பதே முறை. மிச்சமான, பிரிக்காத மூட்டையைக் குறித்த நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொள்வது, பத்துப் பத்தாகத் தேவைக்கேற்ப அனுப்புவது, அளவுக் கணக்கைப் பொறியாளரிடம் சரிபார்த்துக் கொடுத்து அதற்கெனத் தனிக் கட்டணம் பெறுவது போன்ற வழிகள் இந்த முரணைத் தளர்த்தும். கட்டிதட்டிப்போய்க் குப்பைக்குச் செல்லும் மூட்டைகள் அப்போது குறையும்.

விநியோகஸ்தரால் ஆகக்கூடியது அதிகமில்லை என்ற எண்ணத்துக்கு மரவணிகம் மறுப்பு சொல்கிறது. பிரிட்டனின் கட்டுமான, வீட்டுப் பராமரிப்புப் பொருள் விற்பனை நிறுவனமான பி அண்ட் கியூ, தான் விற்கும் வெப்பமண்டல மரம் எவ்வளவு, அது எந்தக் காட்டிலிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத நிலையில் இருந்து, 1995-க்குள் முறையாகப் பேணப்படும் காடுகளின் மரத்தை மட்டுமே விற்பதாக 1991-இல் அறிவித்தது. மரத்தின் ஊற்றிடத்துக்குச் சான்று தரும் அமைப்பு அன்று உலகில் இல்லாததால், 1993-இல் வனப் பொறுப்பாண்மை மன்றம் உருவாகத் துணைநின்றவர்களில் அந்நிறுவனமும் ஒன்றாயிற்று. அமெரிக்காவின் ஹோம் டிப்போ 1999-இல், சூழலியல் இயக்கங்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, அழிவின் விளிம்பிலுள்ள காடுகளின் மரத்தை 2002 இறுதிக்குள் கைவிடுவதாக வாக்களித்தது. இரண்டு இடங்களிலும் கேள்வி கூரையைப் பற்றியோ மரக்கன்றைப் பற்றியோ எழவில்லை. கிடங்கில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றியே எழுந்தது. இவ்விரண்டையும் புனிதர்களாக்கத் தேவையில்லை, வெளியிலிருந்து கேட்டதால்தான் அவை அசைந்தன. தமிழ்நாட்டு மரக்கடைகளில் ‘பர்மா தேக்கு’ இன்னும் பெருமைக்குரிய பலகை எழுத்து. மியான்மரின் அரசு மரநிறுவனத்தின்மீது 2021 இராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்ததை அந்தப் பலகைகள் அறிந்ததாகத் தெரியவில்லை.

மரத்துக்கு அங்கே நேர்ந்த கேள்வி, தமிழ்நாட்டில் மணலுக்கு நேர வேண்டும். 2018 ஆகஸ்டில் திருச்சியில் கொள்ளிடத்துப் பழைய பாலத்தின் தூண்கள் சரிந்ததும் முக்கொம்பு மேலணையின் மதகுகள் அடித்துச்செல்லப்பட்டதும், அள்ளியள்ளிப் படுகை தாழ்ந்த ஆற்றைப் பற்றிய பேச்சை மாநிலமெங்கும் எழுப்பின. மாற்றாக வந்த எம்-சாண்ட் என்பது கருங்கல்லை உடைத்து, எந்திரத்தில் உருட்டி மணிவடிவாக்கி, கழுவிச் சலித்த செயற்கை மணல். கழுவாத கிரஷர் தூசியும் அதே பெயரில், அதே யூனிட் கணக்கில், அதாவது நூறு கன அடி வீதம், விற்பனையாகிறது; தூசி மிகுந்தால் கலவை அதிக நீர் கேட்கும், நீர் மிகுந்தால் வலுக் குறையும், அதைச் சரிக்கட்ட மேஸ்திரி இன்னொரு சட்டி சிமெண்டைக் கொட்டுவார். ஆற்றைக் காப்பதற்கென்று வந்த பொருள் இப்படிச் சுண்ணாம்புக்கல் மலையைத் தின்னத் தொடங்குகிறது. தமிழ்நாடு அரசு 2023-இல் எம்-சாண்டுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. எனினும், எந்தக் குவாரியின் கல், எந்த நாளின் நடைச்சீட்டு என்பதைக் கேட்டு, சீட்டில்லாத லோடைத் திருப்பியனுப்பும் இடம் விநியோகஸ்தரின் வாசல்தான். கல்நார் தகடும் அப்படியே. கல்நாரின் எல்லா வகையும் புற்றுநோய் விளைவிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, இந்தியச் சட்டமோ அதன் விற்பனையைத் தடுக்கவில்லை. விற்பதா இல்லையா என்று முடிவெடுப்பது கடைக்காரர்.

சட்டம் இந்த வணிகரை எட்டுவது அரிது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்வது, 500 கோடி நிகர மதிப்போ 1,000 கோடி விற்றுமுதலோ 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனிகளை மட்டுமே. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கேட்கும் பொறுப்பறிக்கை முதல் ஆயிரம் பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு உரியது. சிமெண்ட் கடைகளில் பெரும்பாலானவை தனியுடைமையும் கூட்டாண்மையும் என்பதால், அவற்றின் பொறுப்பு இப்போதைக்குத் தன்விருப்பமே.

அந்தப் பொறுப்பின் சமூகப் பக்கம், தொலைவிலுள்ள பள்ளியில் தொடங்கும் முன் கிடங்கின் வாசலில் நிற்கும் லாரியில் தொடங்குகிறது. பத்து டன் லாரி ஒன்றில் 200 மூட்டை. நான்கு பேர் இறக்கினால் ஆளுக்கு 50 மூட்டை, ஒரு தலைக்கு இரண்டரை டன், அதுவும் மூட்டைக் கணக்கில் இறக்குகூலி. தலையில் மடித்த துண்டும் மூக்கில் படியும் சிமெண்ட் தூளுமே அவர்களுடைய பாதுகாப்புக் கவசம். உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென 1982-இல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றி, அவர்களுக்கு நலவாரியமும் அமைத்திருக்கிறது. தம் வாசலில் சுமக்கும் நால்வரும் அதில் பதிவு செய்திருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு வணிகருக்கு ஒரு பிற்பகல் போதும். வளர்ந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டலாகாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு பரிந்துரைத்தது 1967-இல். பிரிட்டனின் கடைகளில் இன்று சிமெண்ட் மூட்டை 25 கிலோ. இந்தியத் தரவரையறையும் 25 கிலோ மூட்டைக்கு இடம் தருகிறது. தமிழ்நாட்டில் லாரியிலிருந்து இறங்கும் மூட்டை இன்றும் 50 கிலோ.